காசு கொடுத்துக் கற்கும் கைவேலை

சுவிட்சர்லாந்தில் தனியார் ஹோட்டல் கல்லூரி ஒன்றில் இளநிலைப் பட்டம் முடிக்க, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் பிராங்கிலிருந்து இரண்டு லட்சம் பிராங்க் வரை ஆகிறது. நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்குக் குறையாது. அவ்வளவு கட்டிச் சேரும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள்? வெங்காயம் நறுக்குவது, தட்டு கழுவுவது, படுக்கை விரிப்பது, குளியலறை துடைப்பது, மூன்று தட்டுகளை ஒரே கையில் ஏந்திப் பரிமாறுவது. அந்தப் பிள்ளையின் வீட்டில் இந்த வேலைகளையெல்லாம் சம்பளத்துக்கு வேறு யாரோ செய்துகொண்டிருப்பார்கள்.

அப்படியும் போகிறார்கள். மும்பையிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் துபாயிலிருந்தும் போகிறார்கள், சென்னையிலிருந்தும் போகிறார்கள். மிலானில் துணி வெட்டவும், பாரிஸில் ரொட்டி சுடவும், கலிபோர்னியாவில் வைரத்தின் தரம் பார்க்கவும் கற்கப் போகிறார்கள். உள்ளூர் ஐடிஐ, பாலிடெக்னிக், கேட்டரிங் என்றால் முகம் சுளிக்கும் வீடுகள்தான் இப்படி அனுப்புகின்றன. பணம் இருக்கிறது, அனுப்புகிறார்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. பணம் இருப்பவர்களுக்கு வெளிநாட்டில் சட்டமும் பொருளாதாரமும் வணிக நிர்வாகமும் திறந்தே கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கைவேலை கற்பிக்கும் பள்ளிக்கு ஏன் போக வேண்டும்?

வெளிநாட்டுத் தனியார் தொழிற்பள்ளி என்றதும் பலருக்கு ஆஸ்திரேலியா நினைவுக்கு வரலாம். அதை முதலிலேயே விலக்கி வைத்துவிட வேண்டும். 2000களின் நடுவில் சமையலும் முடிதிருத்தலும் அந்த நாடு குடியேற்றத்தில் முன்னுரிமை தந்த தொழில்களின் பட்டியலில் இருந்தன. மெல்போர்னிலும் சிட்னியிலும் தனியார் கல்லூரிகள் முளைத்தன. நிலத்தை அடகு வைத்தும் கடன் வாங்கியும் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். 2009 தொடங்கிப் பல கல்லூரிகள் மூடப்பட்டன. 2010 பிப்ரவரியில் அரசு அந்தப் பட்டியலையே ரத்து செய்தது. அங்கே போனவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. கத்தியும் கத்தரிக்கோலும் அதற்கான வழியாக இருந்தன.

சுவிட்சர்லாந்தில் அந்த வழி கிடையாது. ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வேலை அனுமதிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உள்ளூரிலோ ஐரோப்பாவிலோ ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டவும் வேண்டும். ஆகவே படிப்பு முடிந்ததும் பெரும்பாலானோர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சொந்த ஊருக்கோ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போக வசதியான ஓர் இடம் இருப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. குடியேற்ற ஆசை இல்லாமல் கைத்தொழில் கற்கப் போகிறவர்கள் இவர்கள் என்பதால்தான், நம் கேள்வியைப் பரிசோதித்துப் பார்க்க சுவிட்சர்லாந்து சரியான இடமாகிறது.

அந்த நாட்டில் இவ்வளவு ஹோட்டல் பள்ளிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தாமஸ் குக் 1863இல் தன் முதல் சுற்றுலாக் குழுவை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்து வந்தார். அதன் பிறகான அரை நூற்றாண்டில் ஜெனீவா ஏரிக்கரையிலும் மலைச்சரிவுகளிலும் அரண்மனை போன்ற ஹோட்டல்கள் எழுந்தன. ஆங்கிலேயப் பிரபுக்களும் ரஷ்யச் சீமாட்டிகளும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பரிமாறவும் கணக்கு எழுதவும் அந்நிய மொழியில் பேசவும் தெரிந்த ஆட்கள் போதவில்லை. ஹோட்டல்காரர்கள் 1882இல் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் ஆதரவில் 1893இல் ஜாக் ச்சூமி என்பவர் லோசான் நகரில் ஒரு ஹோட்டல் பள்ளியைத் தொடங்கினார். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் அறைகளில்தான் முதல் வகுப்புகள் நடந்தன. உலகின் மிகப் பழைய ஹோட்டல் பள்ளி என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

அந்தக் காலத்தின் பெரும்புள்ளிகள் பள்ளியில் படித்து உருவானவர்கள் அல்லர். செசார் ரிட்ஸ் 1850இல் வாலே மாநிலத்தின் நீடர்வால்ட் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். உணவு விடுதிகளில் பரிமாறுபவராகத் தொடங்கி, லண்டன் சவாய் ஹோட்டலை நடத்தி, 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். இன்று அதே வாலே மாநிலத்தில் அவர் பெயரில் ஒரு தனியார் கல்லூரி நடக்கிறது. விவசாயி வீட்டுப் பதின்மூன்றாம் பிள்ளையால் அதன் கட்டணத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

முதல் உலகப் போர் வந்ததும் விருந்தினர் வரவு நின்றுபோனது. பெரிய கட்டடங்கள் காலியாகின. சில காசநோய் மருத்துவமனைகளாக மாறின. லெய்சின், தாவோஸ், மொந்தானா ஆகிய மலையூர்கள் நோயாளிகளால் நிறைந்தன. கமலா நேருவின் சிகிச்சைக்காக 1926இல் ஐரோப்பா சென்ற நேரு குடும்பம் ஜெனீவாவிலும் மொந்தானாவிலும் தங்கியது நம்மவர்களுக்குத் தெரிந்த செய்தி. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காசநோய்க்கு மலைக்காற்று தேவையில்லை என்றானது. 1950களில் அந்தக் கட்டடங்கள் மறுபடி காலியாகின. பால்கனியும் நடன அரங்கும் நூற்றுக்கணக்கான அறைகளும் கொண்ட கட்டடத்தை என்ன செய்வது? தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தலாம். மொந்த்ரோவுக்கு மேலே கிளியோன் என்ற ஊரில் 1962இல் ஒரு பழைய ஹோட்டலில் கிளியோன் கல்லூரி பிறந்தது. மொந்தானாவுக்கு அருகே ப்ளூஷ் கிராமத்தில் லெ ரோஷ் வளர்ந்தது. கோ என்ற ஊரில் 1902இல் திறந்த அரண்மனை ஹோட்டலிலும் லெய்சினின் பழைய மாளிகை ஒன்றிலும் இன்னொரு பள்ளி குடியேறியது. சுவிஸ் ஹோட்டல் கல்வியின் பளபளப்பில் பாதி, இப்படி ஆளில்லாமல் போன மாளிகைகளிலிருந்து வந்தது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் பார்ப்பதும் ஏரி தெரியும் அந்தப் பால்கனியைத்தான். பாத்திரம் கழுவும் தொட்டி அப்புறம்தான் கண்ணில் படும்.

இந்த வரலாற்றின் கடைசி அத்தியாயத்தை எழுதுபவர்கள் முதலீட்டாளர்கள். கிளியோனும் லெ ரோஷும் அமெரிக்காவின் லாரியட் கல்விக் குழுமத்தின் கையில் இருந்தன. 2016இல் பிரெஞ்சு முதலீட்டு நிறுவனமான யூராசியோ அவற்றை 38 கோடி பிராங்குக்கு வாங்கியது. ஒரு தொழிற்பள்ளிக்கு அந்த விலை கிடைக்கிறது என்றால், வசதியான குடும்பங்களின் கட்டணம் ஆண்டு தவறாமல் வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை. இடங்களை நிரப்பியாக வேண்டிய நிறுவனம் வாசலைக் குறுக்கிக்கொள்ளாது. பள்ளி இறுதிச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வில் ஓரளவு மதிப்பெண், ஒரு நேர்காணல்: பல கல்லூரிகளில் நுழைவுக்கு இவ்வளவு போதும். லோசான் பள்ளி மட்டும் சற்றுக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுக்கிறது.

இந்த வாசல்தான் பல குடும்பங்களை முதலில் இழுக்கிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளையை நீட், ஜே.ஈ.ஈ. ஆகிய இரண்டு தராசுகளில் நிறுத்தி மதிப்பு சொல்லிவிடுகிறார்கள். அந்த வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைக்கு உள்ளூரில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கலாம். ஆனால் வாங்கிய இடம் என்று ஊருக்கே தெரியும். வெளிநாட்டில் சேர்ந்த பிள்ளையிடம் மதிப்பெண் என்ன என்று யாரும் கேட்பதில்லை. சுவிஸில் படிக்கிறான் என்பதோடு விசாரணை முடிந்துவிடும். சீனாவில் இந்த நெருக்கடி இன்னும் இளவயதில் வருகிறது. அங்கே பதினைந்து வயதில் எழுதும் தேர்வு, யார் பொதுக்கல்விக்கும் யார் தொழிற்பள்ளிக்கும் போவது என்று பிரிக்கிறது. இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிய வேண்டும் என்பது அரசின் நெடுநாள் கொள்கை. தொழிற்பள்ளிக்குத் தள்ளப்படுவதை நடுத்தரக் குடும்பங்கள் பேரிடியாகவே பார்க்கின்றன. 2022இல் திருத்திய சட்டம் இருவகைக் கல்வியும் சமம் என்று அறிவித்தும் அச்சம் தணியவில்லை. பணமுள்ள வீடுகள் அந்தத் தேர்வுக்கு முன்பே பிள்ளையைப் பன்னாட்டுப் பள்ளிக்கு மாற்றிவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலர் பின்னர் சுவிட்சர்லாந்து போய்ச் சேரும் இடமும் ஒரு தொழிற்பள்ளிதான். உள்ளூரில் தண்டனையாகத் தெரிந்தது அங்கே பெருமையாகிவிடுகிறது.

எப்படி ஆகிறது? நம் கேள்வியின் நடுப்புள்ளி இதுதான். பாடத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. 1963இல் தொடங்கிய மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் சென்னை தரமணியில் இருக்கிறது. மும்பையில் 1954இலேயே தொடங்கியது. ‘உணவு வழங்கல் தொழில்நுட்பமும் பயன்முறைச் சத்துணவும்’ என்பது அவற்றின் பெயரின் பின்பாதி. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் பிறந்து, உணவுத் துறையின்கீழ் இருந்து, 1982இல் சுற்றுலாத் துறைக்கு மாறியவை. அங்கேயும் அதே நறுக்கல், அதே படுக்கை விரிப்பு, அதே பரிமாறல். கட்டணம் முழுப் படிப்புக்கும் சில லட்சங்களுக்குள் முடியும். நாட்டின் பெரிய ஹோட்டல்களின் சமையல் தலைவர்களில் பலர் இத்தகைய நிறுவனங்களில் படித்தவர்கள். ஆனாலும், வசதியான வீட்டுப் பிள்ளை தரமணிக்குப் போனால், மதிப்பெண் வரவில்லை போல, கேட்டரிங் சேர்த்துவிட்டார்கள் என்று உறவினர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் சாதி நிற்கிறது. யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் எச்சில் இலை எடுப்பது, யார் கழிப்பறை கழுவுவது என்பதெல்லாம் இந்த மண்ணில் பிறப்பை ஒட்டிப் பிரித்துவைத்த வேலைகள். ஹோட்டல் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரி 1957இல் பெரியார் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளியில் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிய செய்திகள் இன்றைக்கும் வருகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளை கையில் துடைப்பத்தை எடுத்தால், கற்றுக்கொள்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறங்கிப் போய்விட்டது என்பார்கள். மலைமேல் இருக்கும் அந்த மாளிகையில் இந்த ஆபத்து இல்லை. சுற்றியுள்ள எல்லோரும் தன்னைப் போன்றவர்களே. இன்று பரிமாறுபவன் நாளை உட்கார்ந்து சாப்பிடுவான். இன்று சாப்பிடுபவள் நாளை தட்டு கழுவுவாள். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். வேலைக்குக் கால வரம்பு இருக்கிறது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும். கைவேலைக்காரன் என்று யாரும் தவறாக எண்ணிவிடாத இடத்தில் கைவேலை கற்கும் உரிமைதான் அந்த ஒன்றரைக் கோடிக்கு முதன்மையாகக் கிடைக்கிறது.

பாடத்திட்டம்தான் காரணம் என்றால், அதற்காக இனி விமானம் ஏறத் தேவையில்லை. கிளியோனையும் லெ ரோஷையும் நடத்தும் குழுமம் 2021இல் குருகிராமில் இயங்கும் ஒரு ஹோட்டல் கல்லூரியின் பெரும்பங்கை வாங்கி, அலென் துகாஸ் பெயரிலான சமையல் பள்ளியையும் அங்கே கொண்டுவந்துவிட்டது. பாரிஸில் 1895இல் தொடங்கிய லெ கோர்தோன் ப்ளூவும் அதே வட்டாரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பாடம் நடத்துகிறது. மிலானில் 1935இல் பிறந்த மரங்கோனி ஃபேஷன் பள்ளிக்கு மும்பையில் மையம் இருக்கிறது. கட்டணமும் அங்கே ஆவதைவிடக் குறைவு. இருந்தும், முடிந்தவர்கள் ஐரோப்பாவுக்கே போகிறார்கள். ஏனென்றால் ஊர்ப்பேச்சு எட்டாத அந்தத் தூரம் குருகிராமில் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் போலிக் கௌரவம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சொந்தத் தொழில் நடத்தும் குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்கு எங்கே, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்ற கவலை அது. கல்லாவில் உட்கார்ந்து, அடுப்படியில் நின்று, சரக்கு இறக்கித் தொழில் கற்ற தகப்பனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தன் மகனைத் தன் ஹோட்டலிலேயே விட்டால் கற்க மாட்டான். அங்கே அவன் சின்ன முதலாளி. உப்பு அதிகமானால் சமையற்காரர் அவனைத் திட்ட மாட்டார். தாமதமாக வந்தால் மேலாளர் எழுந்து நிற்பார். தவறைத் தவறு என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கைத்தொழிலும் படியாது. சுவிஸ் சமையலறையின் தலைமைச் சமையற்காரருக்கு இவன் அப்பா யார் என்று தெரியாது. தெரிந்தாலும் பொருட்படுத்த மாட்டார்.

இது நமக்குப் புதிதும் அல்ல. பர்மா, மலேயா, இலங்கை, சிங்கப்பூர் எங்கும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் பிள்ளைகளை இப்படித்தான் பழக்கினார்கள். வசதியான வீட்டுப் பையனும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். கிட்டங்கியைப் பெருக்கி, பெட்டியைத் துடைத்து, தண்ணீர் எடுத்து, பேரேடு பார்த்துப் பழகி, பிறகு அடுத்தாள், அதன்பின் கடையை நடத்தும் பொறுப்பு என்று படிப்படியாக ஏறுவான். கடல் கடந்து போகும் ஒரு கணக்கு பெரும்பாலும் மூன்று ஆண்டு. பெற்றவர் கண் படாத தூரத்தில், அடுத்தவர் கண்டிப்பின்கீழ், கடைசிப் படியிலிருந்து கற்பது என்ற அந்த ஏற்பாட்டில் உறவும் நம்பிக்கையும் கட்டணத்தின் இடத்தில் இருந்தன. வணிகச் சமூகங்களில் அந்த உறவு வலைகள் தளர்ந்த பிறகு, அதே தேவையைக் காசு வாங்கிக்கொண்டு நிறைவேற்றுகிறது சுவிஸ் கல்லூரி. பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று இதற்காகவே அனுப்பும் பெற்றோரை நான் மதிக்கிறேன். அவர்கள் வாங்குவது பளபளப்பை அல்ல, கண்டிப்பை.

மற்ற தொழில்களில் கணக்கு வேறு. வைர வியாபாரக் குடும்பங்கள் கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்குக் கௌரவம் பெரிய காரணமில்லை. 1931இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1950களில் வகுத்த தரப்பட்டியல்தான் இன்று உலக வைரச் சந்தையின் பொதுமொழி. அந்த மொழியில் எழுதப்படிக்கத் தெரியாமல் ஆண்ட்வெர்ப்பிலோ மும்பையிலோ பேரம் பேச முடியாது. ஃபேஷன் பள்ளிகளில் இரண்டும் கலந்திருக்கும். தோல்செ, மொஸ்கினோ போன்ற வடிவமைப்பாளர்கள் மரங்கோனியில் படித்தவர்கள் என்ற பெருமை ஒரு பக்கம். துணி ஆலைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் பக்கத்தில் இருந்து கற்கும் வாய்ப்பு இன்னொரு பக்கம்.

பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதற்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. பாங்காக்கில் ஹோட்டல் சங்கிலி வைத்திருப்பவரின் மகளும் இஸ்தான்புல்லில் கடற்கரை நிலம் வைத்திருப்பவரின் மகனும் ஒரே அறையில் ரொட்டி பிசைந்தால், பத்தாண்டு கழித்து அது வணிகக் கூட்டாக மாறலாம். கல்லூரிகளும் இதை மறைப்பதில்லை; பழைய மாணவர் சங்கங்களை விளம்பரத்தில் முன்னால் வைக்கின்றன. படித்து முடித்தவர்களில் கணிசமானோர் ஹோட்டல் பக்கமே போகாமல் தனியார் வங்கி, கடிகாரம், சொகுசுப் பொருள் விற்பனை என்று போய்விடுகிறார்கள். பணக்காரரிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் காத்திருப்பது, சொல்லாததை எப்படிக் கண்டுகொள்வது என்ற பயிற்சிக்கு அங்கெல்லாம் விலை உண்டு.

இந்தியர்களுக்கு இந்தக் கதவு அகலமாகத் திறந்ததற்கு அன்னியச் செலாவணி விதிகளின் தளர்வும் காரணம். 2004இல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2015இல் அந்த வரம்பு 2,50,000 டாலர் ஆனது. அதற்குப் பிறகு பணம் அனுப்புவது ஒரு தடையே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செல்வந்தர்களுக்கு ஒத்துவருகிறது என்பதால் இந்தப் படிப்பு கடன் வாங்கி அனுப்பும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒத்துவரும் என்று எண்ணக் கூடாது. படிப்புக்கு நடுவே வரும் பயிற்சி மாதங்களில் சுவிஸ் ஹோட்டல் தொழிலின் கூட்டு ஒப்பந்தப்படி மாதம் 2,000 பிராங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். அதில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்துக்கொள்வார்கள். முகவர்கள் இந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிக் காட்டி, படிப்பே தன் செலவைத் திருப்பித் தந்துவிடும் என்பார்கள். சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் அவர்களுக்குத் தரகு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. படிப்பு முடிந்தால் அங்கே தங்க வழி குறைவு. திரும்பி வந்தால் இந்திய ஹோட்டல்களின் தொடக்கச் சம்பளம் கடன் தவணைக்கே போதாது. நுழைய ஒரு சொந்த ஹோட்டலோ, காத்திருக்க ஒரு சொந்த வீடோ இல்லாதவருக்கு இந்தக் கணக்கு நேராகாது. அதே ஐரோப்பாவில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கும் வழியும் இருக்கிறது. ஜெர்மன் மொழி படித்து, செவிலியர் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போகும் கேரள, தமிழகப் பிள்ளைகள் அந்த வழியில்தான் போகிறார்கள். அதற்கு விளம்பரம் குறைவு, ஏரி தெரியும் பால்கனியும் கிடையாது.

பணக்காரர் கைத்தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் ஏழைகள் பட்டத்தைத் துரத்தவும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்தால் தாங்கும் சொத்து இருப்பவருக்குத் திறமை போதும். சான்றிதழ் கூடுதல் அலங்காரம். சொத்து இல்லாதவருக்குச் சான்றிதழே சொத்து. பட்டம் அவருக்கு அரசுத் தேர்வுக்கு உதவும், கல்யாணப் பேச்சில் உதவும், ஊரில் மரியாதை தரும். அதை விட்டுவிட்டு நல்ல தச்சனாகவோ சமையற்காரராகவோ ஆகு என்று அவரிடம் யாராவது சொன்னால் அவர் சந்தேகப்படுவது சரியே. தமிழ்நாட்டில் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு தேதியும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவே பழக வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்த அந்தப் போராட்டம் நியாயமானது. அதற்குப் பிறகு தொழிற்கல்வி என்று யார் பேசினாலும், யார் பிள்ளைக்கு என்ற கேள்வி இங்கே உடனே எழுகிறது. எழத்தான் வேண்டும்.

இன்று தமிழ்நாடு அரசின் தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களைத் தரமணி நிறுவனத்தில் சேர்த்துக் கட்டணத்தை ஏற்கிறது. சமையலறையின் சாதி வாசலைக் கல்வியால் திறக்கும் அந்த முயற்சியை நான் பெரிதாக நினைக்கிறேன். சேர்ந்தவர்கள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் கவலை. அடிமட்டச் சமையல் உதவியாளராகத் தொடங்கி ஒவ்வொரு படி ஏறவும் பல ஆண்டுகள் ஆகும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய முதலாளி வீட்டுப் பிள்ளை அந்தப் படிகளையெல்லாம் சில மாதங்களில் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே உட்கார்ந்துவிடும்.

சுவிட்சர்லாந்து தன் சொந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஏணியை எப்படிப் போட்டிருக்கிறது என்பதை நம்மிடமிருந்து கட்டணம் வாங்கும் கல்லூரிகள் சொல்வதில்லை. அங்கே கட்டாயப் பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில் வேலை. மற்ற நாள் தொழிற்பள்ளி. சமையல் பயிற்சியாளருக்கு முதலாண்டிலேயே மாதம் ஆயிரம் பிராங்கை ஒட்டிச் சம்பளம். அது ஆண்டுதோறும் உயரும். இதில் யாருக்கும் தாழ்வு இல்லை. யூபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் செர்ஜியோ எர்மோட்டி பதினைந்து வயதில் லுகானோ நகர வங்கி ஒன்றில் தொழிற்பயிற்சியாளராகச் சேர்ந்தவர். 1990களில் தொழில்சார் மேல்நிலைச் சான்று ஒன்றைக் கொண்டுவந்து, அதை வைத்துப் பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் சேரலாம் என்று வழி செய்தார்கள். எந்த வயதில் எந்தத் தொழிலில் தொடங்கினாலும் மேலே போக ஒரு கதவு இருக்கும்.

அந்த நாட்டில் சுமார் 50,000 இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 1980களிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். முதல் தலைமுறையில் மிகப் பலர் ஹோட்டல், உணவக அடுப்படிகளில் பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்களும் அதைச் செய்தார்கள். பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவர்களிடமும் இருந்தது. பதினைந்து வயதில் வேலைக்கு அனுப்புகிறார்களே என்று ‘லேர’ எனப்படும் அந்தப் பயிற்சியைக் கண்டு முதலில் கலங்கியவர்களும் உண்டு. பிள்ளைகள் பலர் அதே வழியில் போய் வங்கியிலும் மருத்துவமனையிலும் கணினித் துறையிலும் சமையற்கலையிலும் நிலைத்துவிட்டார்கள்.

லோசான் ஹோட்டல் பள்ளி இன்று மேற்குச் சுவிட்சர்லாந்தின் பயன்முறைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சுவிஸ் மாணவர்களுக்கு அங்கே கட்டணம் வெளிநாட்டவர் கட்டுவதைவிடப் பல ஆயிரம் பிராங்க் குறைவு. மீதியை அரசு ஏற்கிறது. சமையல் பயிற்சியை முடித்து, தொழில்சார் மேல்நிலைச் சான்றும் பெற்ற ஒரு யாழ்ப்பாணத்து அடுப்படித் தொழிலாளியின் மகள் அந்தச் சலுகைக் கட்டணத்தில் அங்கே விண்ணப்பிக்கலாம். தேர்வானால், சென்னையிலிருந்து முழுக் கட்டணம் கட்டி வந்த பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்காருவாள். அவளுக்கு வெங்காயம் நறுக்க ஏற்கெனவே தெரிந்திருக்கும்.